தரையில்லாத படிக்கட்டு

"என் புள்ளியக் காணோம்டி!"

அக்கா போனில் போட்ட சத்தத்தில் தங்கையின் பக்கத்து நாற்காலிக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். மதியச் சாப்பாடு முடிந்து அலுவலகமே பாதித் தூக்கத்தில் இருந்த நேரம். தங்கை மென்பொருள் எழுதுகிறவள். அக்கா நீச்சல் டீச்சர். குளத்தின் இந்தக் கரையிலிருந்து அதட்டினால் அந்தக் கரையில் நிற்கும் பிள்ளை தானாகக் குதித்துவிடும், அப்படி ஒரு தொண்டை. ஒரு வருடமாக அந்தத் தொண்டைக்கு வேலை இல்லை. ரத்தத்தில் வேண்டாத அணுக்கள் லட்சக்கணக்கில் வந்து குடியேறிவிட்டன. எண்ணிக்கை பூஜ்ஜியமாகட்டும், அப்புறம் தண்ணீரைப் பற்றிப் பேசலாம் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

பரிசோதனைக் கூடத்திலிருந்து முடிவு வந்ததும் அக்காவின் போனில் ஒரு சிவப்புப் புள்ளியாக விழும்படி, தங்கைதான் வரைபடம் செய்து கொடுத்திருந்தாள். முதலில் போட்டது சாதாரண அளவுகோல். லட்சங்கள் உட்கார்ந்திருக்கிற படத்தில் ஆயிரத்துக்கும் நூறுக்கும் என்ன மரியாதை? எல்லாப் புள்ளிகளும் அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. "ஒரே எடத்துலயே நிக்குதே, மருந்து வேலை செய்யுதா இல்லையா?" என்று அக்காவின் முகம் தொங்கிப் போயிற்று. உடனே தங்கை அதை லாக் என்கிற மடக்கை அளவுகோலுக்கு மாற்றினாள். லட்சம், பத்தாயிரம், ஆயிரம், நூறு, எல்லாம் சம இடைவெளியில். அதன் பிறகு கோடு மாடிப்படி இறங்குவது போல இறங்கியது. ஒவ்வொரு படிக்கும் வீட்டில் ஆட்டம் பாட்டம்தான். கல்யாணத்தன்றுகூட ஆடாத அத்தான், நூறு வந்த அன்றைக்கு ஆடினார். பார்க்கச் சகிக்கவில்லை.

"கோடு அந்தரத்துல நிக்குதுடி. படத்தையும் தாண்டி மேல போயிடுச்சோ? உங்க அத்தான் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்காரு" என்று இப்போது போனில் அக்கா புலம்பினாள்.

தங்கைக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. படத்தை விட்டுவிட்டு, அதன் பின்னால் இருக்கும் எண்ணைத் திறந்து பார்த்தாள்.

பூஜ்ஜியம்.

லாக் அளவுகோலில் பூஜ்ஜியமே கிடையாது. பத்து, ஒன்று, ஒன்றில் பத்தில் ஒரு பங்கு என்று இறங்கிக்கொண்டே போகலாம், தரை மட்டும் வராது. வைக்க இடமில்லாததால் மென்பொருள் அந்தப் புள்ளியைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டது.

"அக்கா, பூஜ்ஜியம்! பூஜ்ஜியம் வந்திருக்கு! என் படத்துலதான் அதுக்கு எடமில்ல!"

அக்கா மெதுவாகக் கேட்டாள், "எடமே வைக்கலையா நீ?"

தங்கை அதைத் தெரியாமல் செய்தது இல்லை. அளவுகோலை மாற்றிய அன்றைக்கே இது தெரிந்த விஷயம்தான். "வரும்னு நான் நெனச்சே பாக்கலக்கா."

"நான் மட்டும் நெனச்சேனாக்கும்?" என்றாள் அக்கா. அப்புறம் இருவரும் சிரித்த சிரிப்பில் அலுவலகத்தின் மீதித் தூக்கமும் கலைந்தது.

அன்று சாயங்காலமே படத்தைத் திருத்தினாள். ஒரே அச்சு, பத்துக்கு மேலே பழைய லாக் படிகள், பத்துக்குக் கீழே பூஜ்ஜியம் வரை சாதாரண அளவு. இரண்டும் சேரும் இடத்தில், பார்க்கிறவர்கள் ஏமாறாமல் இருக்க ஒரு புள்ளிக்கோடு. புள்ளி போய்த் தரையில் உட்கார்ந்தது. ஆனால் பாதி அச்சுக்கோட்டில் மறைந்துவிட்டது. "முழுசாத் தெரியணும், விடமாட்டேன்" என்று அக்கா பிடிவாதம் பிடித்ததால், அடியில் கொஞ்சம் வெற்றிடமும் விட வேண்டியதாயிற்று.

டாக்டர் சரி என்று தலையசைத்த மறுநாள் மூவரும் நீச்சல் குளத்துக்குப் போனார்கள். இன்னும் சரியாக முடி வளராத தலையில் சிவப்புத் தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டு, ஆழமான பக்கத்திலிருந்து அக்கா குதித்தாள். தண்ணீர் மூடிக்கொண்டது. ஆளைக் காணோம். அத்தான் பதறிப்போய் எட்டிப் பார்த்தார்.

"இருங்க அத்தான், இருக்கா" என்று தங்கை கீழே கை காட்டினாள். நீலத் தரையை ஒட்டி ஒரு சிவப்புப் புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது, முழுசாக.