பனிமலைக்குப் போகும் மாவு

விடியும் முன்பே வறுப்புக் கொட்டகையில் நான்கு அடுப்பும் எரிந்தாக வேண்டும். மல்லாட்டைத் தோலை, அதாவது நிலக்கடலைத் தோட்டை, முறத்தால் அள்ளி உள்ளே தள்ளிவிட்டு அம்சவள்ளி துடுப்பைப் பிடித்தாள். இரும்புச் சட்டியில் பத்துப் படி சாமை. கை ஒரு கணம் நின்றால் கருகிவிடும். புகை கண்ணை அரித்தது. மூக்கு நுனியில் திரளும் வியர்வை சட்டிக்குள் விழுந்துவிடாமல் தோளில் துடைத்துக்கொண்டே கிளறினாள். எதிர் அடுப்பில் கமலா. மூன்று வருஷமாக இருவரும் எதிரெதிராக நின்றுதான் வறுக்கிறார்கள். அன்று ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை.

கள்ளக்குறிச்சியில் தீனதயாளன் நடத்திய மாவு மில் அது. எண்பத்தேழில் அவருக்குப் புதிதாக ஒரு வேலை வந்திருந்தது. இமயமலை ஏறப் போகும் ஒரு குழுவுக்குச் சாமையும் கேழ்வரகும் வறுத்து அரைத்துப் பொட்டலம் போட்டு அனுப்ப வேண்டும். அந்தக் குழுவின் டாக்டர் ஆங்கிலத்தில் எழுதியிருந்த கடிதத்தை, மில்லில் லேபிள் எழுதும் மெர்லின்தான் எல்லோருக்கும் படித்துச் சொன்னாள்.

"அவ்ளோ ஒசரத்துல பசியே எடுக்காதாம்க்கா. நெய்யி, கறி எதுவும் சரியா செரிக்காதாம். தண்ணி கொதிச்சாலும் நம்மூரு சூடு வராது, அரிசி வேவாது. அதான் வறுத்த மாவு கேக்கறாங்க. சுடுதண்ணி ஊத்திக் கலக்கிக் குடிச்சிக்கலாம். அங்க வயிறு கெட்டுப் பேதி ஆச்சின்னா ஒடம்புல தண்ணி வத்திப் பூடும், கீழ எறங்கக்கூடத் தெம்பு இருக்காதுன்னு எழுதியிருக்காரு."

தானியம் புடைக்கும் இருசம்மாள் வெள்ளிமலைக்காரி. "நாங்க மலையில குடிக்கிறதத்தான் அவங்களும் குடிக்கப் போறாங்களா?" என்று சிரித்தாள். ஆகஸ்டில் போன முதல் லோடுக்கான சாமை அவள் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தது. வெள்ளை வெளேரென்று, கையில் எடுத்தால் வழுக்கி ஓடும்.

இரண்டாவது லோடு செப்டம்பர் கடைசியில் போக வேண்டும். அதற்குள் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கிவிட்டது. வெட்டிச் சாய்த்த புளியமரங்கள் ரோட்டின் குறுக்கே கிடந்தன. ஒரு வாரம் பஸ் இல்லை. மலையிலிருந்து ஜீப் இறங்கவில்லை. கமலாவின் கணவன் சுப்புராயன் மறியலுக்குப் போயிருந்தான். அம்சவள்ளி குடியிருந்த கருணாபுரத்திலோ, மறியல்காரர்கள் சேரியைக் கொளுத்த வருகிறார்கள் என்று தினம் ஒரு வதந்தி. அவள் தெரு ஆட்கள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார்கள். அந்த வாரம்தான் கமலாவுக்கும் அவளுக்கும் பேச்சு நின்றது. மத்தியானக் கஞ்சியைக்கூடத் தள்ளித் தள்ளி உட்கார்ந்து குடித்தார்கள்.

ரோடு திறந்த பிறகும் மலைச் சாமைக்காகக் காத்திருக்க முதலாளிக்கு நேரமில்லை. பின்கட்டுக் கிடங்கைத் திறக்கச் சொன்னார். ஆடி மழையில் ஓடு ஒழுகி நனைந்த பழைய மூட்டைகள் அங்கே கிடந்தன. சாக்கைப் பிரித்ததும் ஊசல் வாடை குப்பென்று அடித்தது. சாமை கட்டி கட்டியாக இருந்தது. உடைத்தால் உள்ளே பச்சையும் கறுப்புமாகத் தூள் பறந்தது.

"மொதலாளி, இது பூசணம் புடிச்சிதுங்க. மாட்டுக்குக்கூட வெக்க மாட்டோங்க," என்றாள் இருசம்மாள்.

"வறுத்தா எல்லாம் செத்துப் பூடும். கட்டிய ஒடச்சிப் பொடைச்சிப் போடு."

புடைத்தார்கள். வறுத்தார்கள். வேலையாட்களின் மத்தியானக் கஞ்சியும் அந்த மாவில்தான் காய்ச்சப்பட்டது. லேசாகக் கசந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் துடுப்பு கீழே விழும் சத்தம் கேட்டு அம்சவள்ளி நிமிர்ந்தாள். கமலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்போரம் சரிந்துகொண்டிருந்தாள். இன்னும் ஒரு முழம் சரிந்திருந்தால் தலை நெருப்பில் இருந்திருக்கும். அம்சவள்ளி தாவிப் போய் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். இழுத்த வேகத்தில் தன் முழங்கை சட்டி விளிம்பில் பட்டுத் தோல் வழன்றது. காலையிலிருந்து ஏழு தடவை வெளியே போய் வந்ததைக் கமலா யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். கண் உள்ளே போயிருந்தது. உதடு வெடித்திருந்தது. கை கால் மரக்கட்டையாக இழுத்துக்கொண்டது.

"அம்சா..." என்றாள் கமலா. பேச்சு நின்ற பிறகு அவளிடம் சொன்ன முதல் சொல்.

"பேசாத. கழுத்தக் கட்டிக்கோ."

முதுகில் தூக்கிக்கொண்டு ரோடுவரை ஓடினாள். அங்கே ஒரு மாட்டுவண்டியை மறித்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். இருட்டுவதற்குள் மில்லிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் அதே வயிற்றோடு வந்து சேர்ந்தார்கள். டாக்டரம்மா என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். அம்சவள்ளி முந்தானையில் ஒட்டியிருந்த மாவை உதறிக் காட்டி, பூசணம் பிடித்த சாமை, வறுத்துத்தான் அரைத்தது என்றாள்.

"பூசணம் செத்தாலும் அது விட்ட விஷம் போகாதும்மா. வறுத்தாலும் சரி, கொதிக்க வச்சாலும் சரி," என்றார் அவர்.

மறுநாள் விடியும்போது அடுப்புகள் எரியவில்லை. பதினொரு பெண்கள் கொட்டகை வாசலில் நின்றார்கள். லாரி வந்து நின்றிருந்தது. சுமையாட்கள் நால்வர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லேபிளில் "புதுச் சாமை" என்று எழுதச் சொல்லி மெர்லினிடம் காகிதக் கட்டைக் கொடுத்துவிட்டு முதலாளி வெளியே வந்தார்.

"இன்னா இது? யாரு அடுப்ப அணைச்சது?"

"பத்த வெக்கவே இல்லீங்க," என்றாள் அம்சவள்ளி. "அந்த மாவு போவக் கூடாதுங்க. மலையிலேர்ந்து நல்ல சாமை வரட்டும். ராப்பகலா வறுத்துத் தரோம். ஆஸ்பத்திரியில கெடக்கற மூணு பேருக்கும் நீங்கதான் வைத்தியம் பாக்கணும்."

"அவளுங்க வூட்டுல குடிக்கற தண்ணி சரியில்ல. அதுக்கு நானா பொறுப்பு?"

"மூணு பேரு வூடும் மூணு மூலையில இருக்குதுங்க. ஒண்ணா குடிச்சது இந்தக் கஞ்சி மட்டுந்தான்."

தீனதயாளன் குரலைத் தாழ்த்தினார். "அம்சவள்ளி, நீ யாருக்காவப் பேசற? கமலா புருஷன் மரம் வெட்டப் போனவன். போன வாரம் நீங்க பயந்து கெடந்தது யாராலன்னு மறந்துட்டியா?"

பெண்கள் சிலர் தலை குனிந்தார்கள். அம்சவள்ளிக்கு முழங்கைப் புண் எரிந்தது.

"மறக்கலீங்க. அத அவங்ககிட்ட நாங்க பேசிக்கறோம். நீங்க மாவப் பத்திப் பேசுங்க."

"மாவு எங்கியோ ஆயிரம் மைலுக்கு அந்தாண்ட போவுது. ஒனக்கு இன்னாடி வந்துச்சி?"

"கமலாவுக்கு ஆஸ்பத்திரி கிட்ட இருந்துச்சி. முதுகுல தூக்கினு ஓடுனேன். அந்தப் பனியில படுத்தவன யாருங்க தூக்கினு ஓடுவாங்க?"

உள்ளேயிருந்து மெர்லின் வந்தாள். லேபிள் கட்டு அப்படியே வெற்றாக இருந்தது. அப்பா இறந்த பிறகு அவள் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

"நான் எழுத மாட்டேன் சார்," என்றாள். "லெட்டர் போட்ட டாக்டர் விலாசம் எங்கிட்ட இருக்கு. தபாலாபீஸ் தெறந்ததும் தந்தி குடுக்கப் போறேன்."

"அத்தோட நீ உள்ள கால வெக்கக் கூடாது."

"சரி சார்."

அவள் படியிறங்கி இருசம்மாளின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

சுமையாட்களில் மூத்தவர் பெட்டியைத் தோளில் வைத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "சாப்பிடற பொருளா இது?" என்று இருசம்மாளைக் கேட்டார். இல்லையென்று அவள் தலையாட்டினாள். அவர் பெட்டியைத் தரையில் இறக்கினார். பிறகு லாரியில் ஏறி, ஏற்கெனவே ஏற்றியவற்றை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிக் கொடுத்தார். மற்ற மூவரும் வாங்கி வைத்தார்கள்.

"எல்லாரையும் மாத்திடுவேன். சங்கராபுரத்துலேர்ந்து ஆள் எறக்குவேன். இப்ப போலீஸோட வரேன்," என்று சொல்லிவிட்டு முதலாளி ஸ்கூட்டரை உதைத்தார்.

அவர் போனதும் பெண்கள் மில் வாசலை அடைத்து உட்கார்ந்தார்கள். மெர்லின் தந்தி கொடுத்துவிட்டு வந்தாள். இருசம்மாள், மலையில் தன் அண்ணனிடம் நல்ல சாமை எத்தனை மூட்டை இருக்கும் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். வாங்குவதற்கு யார் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

ஒன்பது மணி தாண்டி ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து சுப்புராயன் நடந்து வந்தான். மில்லுக்கு எதிர்ப்பக்கமே நின்றுவிட்டான். ரோட்டைக் கடந்து வர அவனுக்கு நேரமாயிற்று.

"கஞ்சித் தண்ணி குடிச்சா. வாந்தி இல்ல," என்றான் தரையைப் பார்த்தபடி. "நேத்து நீ மட்டும் தூக்கினு போவலன்னா..."

கடைத்தெரு முனையில் போலீஸ் ஜீப் திரும்பும் சத்தம் கேட்டது. எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.

அம்சவள்ளி இருசம்மாளை இடித்து நகரச் சொல்லி, பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் விட்டாள்.

"குந்துண்ணா," என்றாள்.

சுப்புராயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.