தராசுக்கு வந்த முட்டைக்கோஸ்

வடகோடிக் கடலில் இருக்கும் ஸ்கார்வ் தீவில் செப்டம்பர் மாதக் கடைசி வியாழக்கிழமை யாரும் வீட்டில் சமைப்பதில்லை. அதற்குள் மலையிலிருந்து ஆடுகளை இறக்கியாகியிருக்கும். ஊர் மண்டபத்தில் பெரிய பானைகளை அடுப்பிலேற்றி, எலும்போடு ஆட்டுக்கறி ஓர் அடுக்கு, முட்டைக்கோஸ் ஓர் அடுக்கு, இடையிடையே முழு மிளகு என்று நிரப்பிக் காலையிலிருந்து வேகவிடுவார்கள். மாலையில் ஊரே உட்கார்ந்து சாப்பிடும். ஆடு தீவினுடையது. உருளைக்கிழங்கை முன்பே வாங்கி வைத்தாலும் கெடாது. கோஸ் மட்டும் அந்த வாரப் படகில் வர வேண்டும். சென்ற ஆண்டு புயலில் படகு வரவில்லை. எண்பது பேர் மிளகுத் தண்ணீரில் மிதந்த கறியைப் பார்த்தபடி பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்கள்.

மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் அந்தப் பேச்சு மறுபடி எழுந்தபோது குன்வோர் எழுந்து நின்றாள்.

"இந்த வருஷம் கோஸை நாமளே விளைவிப்போம். எப்படின்னு நான் சொல்லித் தரேன்."

"எதுல விளையும்? பாறையிலயா?" என்றார் கடைக்கார ரெய்தார். மண்டபம் சிரித்தது.

"பாறைக்கு நடுவுல மண்ணும் இருக்குல்ல, அதுல."

"சரிம்மா. அப்போ விருந்துக்கு நான் கோஸ் வாங்கல. ஊர் பட்டினி கிடந்தா உன்னால, சாப்பிட்டா உன்னால. ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கிறேன்" என்றாள்.

அவள் பிறந்தது தெற்கே, காய்கறிப் பண்ணைகளுக்கு நடுவில். படகு பழுது பார்க்கும் ஸ்டைனாரைக் கட்டிக்கொண்டு தீவுக்கு வந்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. அவளை இன்னும் எல்லோரும் ஸ்டைனார் பெண்டாட்டி என்றுதான் சொன்னார்கள். இந்த ஊரில் அவள் தன் பேரில் கொடுத்த முதல் வாக்கு இது. பானையில் கோஸ் இல்லாமல் போனால் அடுத்த வருடம் அவளிடம் யாரும் எதையும் கற்றுக்கொள்ள வரமாட்டார்கள். அது அவளுக்குத் தெரியும்.

வகுப்புக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். பாதிப்பேர் கடலை விட்டு ஓய்ந்த மீனவர்கள். மீதிப்பேர் மீன் ஆலையில் கத்தி பிடித்துப் பழகிய பெண்கள். மண்ணைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. காலிப் பால் அட்டைப்பெட்டிகளில் மண் நிரப்பி, ஜன்னலோரம் வைத்து விதை போட்டார்கள். ஹார்ட்விக் நாற்பது வருடம் குளிர்கடலில் காட் மீன் பிடித்தவர். முளைத்த முதல் நாற்றை உள்ளங்கையில் ஏந்தி, "இது மூச்சு விடுதா டீச்சர்?" என்று கேட்டார். கிண்டலா நிஜமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜூன் தொடக்கத்தில் மண்டபத்துக்குப் பின்னாலிருந்த நிலத்தில் நடவு நடந்தது. கரையில் ஒதுங்கிய கடற்பாசியை அள்ளிவந்து பாத்தியில் கலக்கச் சொன்னாள் குன்வோர். ஹார்ட்விக்குக்கு அது போதவில்லை. யாரிடமும் சொல்லாமல் மீன் தலைகளையும் குடலையும் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து புதைத்தார். அவர் புதைப்பதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் புதைத்தார்கள். மறுநாள் காலையில் நிலம் வெள்ளையாகிவிட்டது. தீவின் கடற்புறாக்கள் அத்தனையும் அங்கே இருந்தன. நாற்றுகள் வேரோடு காற்றில் பறந்தன.

"செடிக்குச் சோறு போட்டா தப்பா?" என்றார் ஹார்ட்விக், தொப்பியில் விழுந்த எச்சத்தைத் துடைத்தபடி.

"செடிக்குப் போடல கிழவா, பறவைக்குப் பந்தி வச்சிருக்கே" என்றாள் பெட்ரிக்கே. அவருடைய பக்கத்து வீட்டுக்காரி. ஆலையில் அவளைவிட வேகமாக மீன் அறுத்தவர் யாருமில்லை. பேச்சிலும் அப்படித்தான்.

குன்வோர் கோபப்படவில்லை. வீட்டு ஜன்னல்களில் மிச்சமிருந்த நாற்றுகளைக் கொண்டுவரச் சொல்லி மறுபடி நட்டாள். அதற்கும் மேல் மீந்தவற்றை ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக் கொடுத்து, அவரவர் வீட்டுப் பக்கம் வைத்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு கோஸுக்கு எமனான ஈயைப் பற்றிச் சொன்னாள். அது தண்டடியில் முட்டையிடும், புழு வேரைத் தின்னும், செடி நின்றபடியே சாகும். அதனால் பாத்தி முழுக்க மெல்லிய வெள்ளைத் துணியால் மூடி, ஓரங்களை இறுக்க வேண்டும். களை எடுப்பதற்குத் தவிரத் திறக்கவே கூடாது.

துணியை இறுக்குவது அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிராத முதல் பாடம். வலை ஈயக்குண்டுகளும் கயிறும் வந்தன. அவர்கள் போட்ட முடிச்சைக் குன்வோரால் அவிழ்க்க முடியவில்லை.

கோடையில் அவள் ஒவ்வொரு வீட்டுக்கும் போனாள். வாசலில் வரவேற்பு இருந்தது, காபி இருந்தது, வாஃபிளும் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் மட்டும் யாரும் கூட்டிப்போகவில்லை.

"செடி எப்படி இருக்கு, பார்க்கலாமா?"

"துணியத் திறந்தா ஈ வந்துடும்னு நீதானேம்மா சொன்னே" என்பாள் பெட்ரிக்கே, காபியை ஊற்றிக்கொண்டே.

தன் வாயால் சொன்ன விதியைத் தானே மீறச் சொல்ல முடியாது. குன்வோர் காபியைக் குடித்துவிட்டுத் திரும்புவாள். பொது நிலம் செழித்திருந்ததால் அவளும் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஆகஸ்ட் முடிவில் துணிக்கடியில் கோஸ்கள் உருண்டு திரண்டு நின்றன.

செப்டம்பர் நடுவில் மேற்கிலிருந்து காற்று அடித்தது. துணி தாங்கியது. வேலிக்கதவு தாங்கவில்லை. மலையிலிருந்து இறக்கிய ஆடுகள் அந்த வழியாக நுழைந்து, துணியைக் கொம்பால் கிழித்து, விடியும் வரை மேய்ந்தன. காலையில் குன்வோர் வந்து பார்த்தபோது முக்கால்வாசிப் பாத்தியில் அடித்தண்டு மட்டும் நின்றது. ஒரு கிடா அவளைப் பார்த்து மென்றபடியே நின்றது.

செய்தி கேட்டு வந்த ரெய்தார் வேலியில் கையூன்றி நின்றார். "கறியும் கோஸும் பானைக்குப் போறதுக்கு முன்னாடியே ஒண்ணா சேர்ந்துடுச்சு" என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் இறங்கி, "திங்கக்கிழமை மதியத்துக்குள்ள சொல்லு. போன் போட்டா புதன்கிழமை படகுல வந்துடும்" என்றார்.

விருந்துக்கு எழுபது கிலோ வேண்டும். நிலத்தில் தப்பியது இருபதைத் தாண்டாது. ஞாயிற்றுக்கிழமை குன்வோர் வீடு வீடாகப் போய் நேராகவே கேட்டாள்: விருந்துக்கு எவ்வளவு தர முடியும்?

பெட்ரிக்கே வானத்தைப் பார்த்தாள். "என்னத்தச் சொல்ல. ரெண்டு காய் தேறும்."

ஹார்ட்விக்கும் வானத்தைப் பார்த்தார். "சுமாருதான் டீச்சர். பெருசா ஒண்ணும் இல்ல."

ஓட்லைவ் இன்னும் சொந்தப் படகில் கடலுக்குப் போகிறவன், கரையிலிருக்கும் நாட்களில் வகுப்புக்கு வந்தவன். வேலிக்கு அப்பாலிருந்தே தலையை ஆட்டினான். "பூனைக்குப் போடலாம். அவ்வளவுதான்."

எல்லா வீட்டிலும் இதே கதை. கூட்டிப் பார்த்தால் தேவையில் பாதிகூட இல்லை. அன்று மாலை அவள் ஸ்டைனாரிடம், "தோத்துட்டேன், நாளைக்குப் போய் ஆர்டர் போடச் சொல்றேன்" என்றாள். அவன் அவள் தோளில் கை வைத்தான்.

திங்கட்கிழமை கடைக்குப் போகும் வழியில் படகுத்துறையில் ஓட்லைவின் படகு வந்து நின்றிருந்தது. விளிம்பு வரை தண்ணீரில் அமிழ்ந்திருந்தது. பாரந்தூக்கி பெட்டி பெட்டியாக மீனை மேலே ஏற்றிக்கொண்டிருந்தது.

பக்கத்துப் படகுக்காரன் கேட்டான்: "எப்படிப்பா போச்சு?"

ஓட்லைவ் வானத்தைப் பார்த்தான். "ஒண்ணும் சரியில்ல. பூனைக்குப் போடலாம்."

அவன் தலைக்கு மேலாக இன்னொரு பெட்டி ஆடியாடிப் போனது.

குன்வோர் இதை இரண்டு வருடமாகத் தினமும் கேட்டிருக்கிறாள். இந்தக் கரையில் நல்ல மீன் பட்டதென்று யாரும் வாயால் சொன்னதில்லை. சொன்னால் மறுநாள் அதே இடத்தில் பத்துப் படகு நிற்கும். மீனும் போய்விடும் என்று நம்பினார்கள். மீன் விஷயத்தில் அது அவளுக்கும் பழகிப்போயிருந்தது. ஆனால் கோஸையும் இவர்கள் பிடித்துவந்த மீன் போலவே நினைப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நேற்று ஒவ்வொரு வாசலிலும் பார்த்த முகத்தை நினைத்துப் பார்த்தாள். எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். வானத்தில் ஒன்றுமே இல்லை.

ஆனாலும் அது வெறும் யூகம். உண்மையிலேயே இரண்டு காய்தான் இருக்கிறது என்றால்?

கடையில் ரெய்தார் போனைக் கையில் வைத்துக்கொண்டே காத்திருந்தார். "எத்தன கிலோ சொல்லட்டும்?"

"வேண்டாம்."

"என்னது?"

"ஒண்ணும் வாங்க வேண்டாம்."

"நிச்சயமாத்தான் சொல்றியா?"

"நிச்சயமில்ல. ஆனா வேண்டாம்."

ரெய்தார் போனை மேசைமேல் வைத்தார். "ஸ்டைனார்கிட்ட சொல்லி ஒரு படகத் தயாரா வச்சுக்கோ. ஓடுறதுக்கு உதவும்."

அங்கிருந்து நேராக மீன் ஆலைக்குப் போனாள். கரைக்கு வரும் மீனை நிறுக்கிற பெரிய தராசையும், ஒவ்வொரு படகின் எடையையும் எழுதிப்போடும் கரும்பலகையையும் இரண்டு நாளைக்கு இரவல் கேட்டாள். வாயால் என்ன சொன்னாலும், தராசுக்கு முன்னால் இந்த ஊரில் யாரும் தன் மீனைக் குறைத்துச் சொன்னதில்லை. பலகையில் தன் பேர் மேலே வருவதற்காக அண்ணனும் தம்பியும் வருடக்கணக்கில் பேசாமல் இருந்த ஊர் இது.

புதன்கிழமை பிற்பகல் தராசு மண்டப வாசலில் நின்றது. கோஸ் தருகிறவர்கள் அங்கே கொண்டுவர வேண்டும் என்று ஊருக்குச் சொல்லியிருந்தாள். சுண்ணாம்புக்கட்டியை ரெய்தார் கையில் கொடுத்தாள். "நீங்க எழுதினா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

முதலில் வந்தவள் பெட்ரிக்கே. வாளியில் சொன்னபடியே இரண்டு கோஸ். ரெய்தார் நிறுத்து, பேரையும் எடையையும் எழுதினார். குன்வோர் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்; அடியில் வேறெதுவும் இல்லை.

அடுத்து ஹார்ட்விக் பையோடு வந்தார். மூன்று காய். எழுதியாயிற்று. பெட்ரிக்கே பலகையைப் பார்த்தாள். அவள் பேர் கீழே இருந்தது.

"கொஞ்சம் இரு. வீட்ல ஒண்ணு ரெண்டு மறந்துட்டு வந்துட்டேன்" என்று நடையைக் கட்டினாள்.

திரும்பியபோது தள்ளுவண்டியோடு வந்தாள். ஒவ்வொரு கோஸும் ஆள் தலை அளவு இருந்தது. ரெய்தார் பழைய எண்ணை அழித்துப் புதிதாக எழுதினார்.

ஹார்ட்விக் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இதெல்லாம் உன் வீட்டுக்குப் பின்னாடியா இருந்துச்சு?"

"ரெண்டு காய்தான்னு சொன்னேனே. நீ நம்பிட்டியா?"

"நம்பாமத்தான் நானும் கொஞ்சம் எடுத்து வச்சேன்" என்று ஹார்ட்விக் வேகமாகப் போனார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை. வந்தபோது மருமகனின் டிராக்டரில் வந்தார். பின்னால் மீன் பெட்டிகள், பெட்டிகள் நிறைய கோஸ்.

அதற்குள் செய்தி பரவிவிட்டது. ஓட்லைவ் வந்தான், ஆலைப் பெண்கள் வந்தார்கள், வகுப்புக்கு இரண்டே நாள் வந்து நின்றுபோனவர்கள்கூட வந்தார்கள்.

"ஏய் ஓட்லைவ், உன் பூனை இவ்வளவும் தின்னுமா?"

"பெரிய பூனைப்பா!"

"அடியில கல்லு வச்சிருக்கான், பெட்டியக் கவுத்துப் பாருங்க!"

"கவுத்துக்கோ. கல்லுன்னா அதையும் வேகவச்சுத் தின்னுறேன்."

பெட்டியைக் கவிழ்த்தார்கள். கல் இல்லை. எழுபது கிலோ எப்போது தாண்டியது என்று யாரும் கவனிக்கவில்லை. பெட்ரிக்கே மூன்றாம் முறை வீட்டுக்குப் போய்வந்து ஹார்ட்விக்கை முந்தினாள். ரெய்தாருக்கு எண்களைக் கூவிக் கூவித் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் கூட்டிப்போட்டபோது நூற்றெண்பதைத் தாண்டியிருந்தது. அவர் அந்த எண்ணுக்கு அடியில் இரண்டு கோடு இழுத்து, சுண்ணாம்புக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, குன்வோரிடம் வந்தார்.

"மிஞ்சுறத என் கடையில போடுறியா? மத்த தீவுக்காரங்க கேப்பாங்க."

"கேட்டுப் பாருங்க. தருவாங்களான்னு தெரியாது."

வியாழக்கிழமை மண்டபத்தின் பானைகள் போதாமல் ஆலையிலிருந்து இரண்டு பானை வந்தது. மாலையில் ஜன்னல் கண்ணாடிகள் ஆவியில் வெளுத்தன. கோஸ் கரண்டிக்கு நெகிழ்ந்து கொடுத்தது, ஆனால் குழையவில்லை. எண்பது பேரும் இரண்டாம் தட்டு வாங்கினார்கள். ரெய்தார் மூன்றாம் தட்டோடு எழுந்து நின்று, கட்டிப்போன குரலில், "டீச்சர் குன்வோருக்கு!" என்றார். மேசைகளை எல்லோரும் கைமுட்டியால் தட்டினார்கள். தட்டுகள் குதித்தன. ஸ்டைனார் பெண்டாட்டி என்று அன்று ஒருவரும் சொல்லவில்லை.

அவள் பானை கழுவப் பின்பக்கம் போனபோது ஹார்ட்விக் பின்னாலேயே வந்தார். கதவைச் சாத்தினார். யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு, அவள் காதருகே குனிந்தார்.

"பழைய கலங்கரை விளக்கத்துக்குக் கிழக்குப் பக்கம். ரெண்டு பாறைக்கு நடுவுல. என் கோஸெல்லாம் அங்கதான் விளைஞ்சது. காத்து படாது, காலை வெயில் படும். என் மகனுக்கே தெரியாது."

அவள் தலையசைத்தாள். அவர் போன கொஞ்ச நேரத்தில் பெட்ரிக்கே துடைக்கும் துணியோடு வந்து, அதே மாதிரி கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்குப் பிறகு ஓட்லைவ் வந்தான். மண்டபம் காலியாவதற்குள் ஸ்கார்வ் தீவின் நல்ல மண் எல்லாம் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் குன்வோர்தான். கையில் நுரையோடு நின்று, ஒவ்வொருவரிடமும் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தாள்.