நாலில் ஒருத்தி

அக்டோபரில் கல்லூரி ஆலோசகர் ஃபென்விக் கணினியில் கணக்குப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உன் மார்க்குக்கு நாலு பேர்ல ஒருத்தருக்குக் கிடைக்கும்மா. மோசமில்ல."

கொரினா அதை அப்படியே வீட்டில் வந்து சொன்னாள். அவளுடைய அப்பா ஜில் பெட்டன்கூர், பால் டேங்கர் ஓட்டுகிறவர், பூட்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "மத்த மூணு பேர் யாருன்னு கேட்டுட்டு வா. நான் பேசிக்கறேன்."

ஊரிலிருந்தது இரண்டு வருடக் கல்லூரி. அங்கே நல்ல மார்க் வாங்கினால் மூன்றாம் வருடத்துக்குப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். கொரினா விரும்பியது கடற்கரையிலிருந்த பல்கலைக்கழகத்தை, சிவில் இன்ஜினியரிங் படிக்க. அவளுடைய தோழி பாயாவும் அதே இடத்துக்கு, அதே படிப்புக்குத்தான் விண்ணப்பித்திருந்தாள். பாயாவுக்கு எப்போதுமே கொரினாவைவிட ஒரு பிடி கூடுதல் மார்க். இருவரும் முதல் வருடத்திலிருந்து ஒரே மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள்.

ஜனவரி இரண்டாம் வாரம், வாசலுக்கு எதிரே நிற்கும் வண்டிகூடத் தெரியாத பனிமூட்டத்தில், ஒரு மாட்டுப்பண்ணையில் பால் ஏற்றிக்கொண்டிருந்த ஜில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் எழவில்லை. ஐம்பத்து மூன்று வயது.

அடக்கம் முடிந்த நாலாம் நாள், பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. இந்தப் பருவத்தில் என்னென்ன பாடம் எடுக்கிறாய் என்று கேட்டிருந்தார்கள். கொரினா சமையலறை மேசையில் உட்கார்ந்து நாலு பாடங்களை எழுதி அனுப்பினாள். அதில் மூன்றாம் கால்குலஸும் ஒன்று. எழுதியது நினைவிருந்தது. எழுதும்போது என்ன நினைத்தாள் என்பது நினைவில்லை.

வகுப்புகள் தொடங்கின. பலகையில் எழுதியதை அவள் நோட்டில் எழுதினாள். பக்கத்து வீட்டு டிவி போல ஆசிரியரின் குரல் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. காலை எட்டு மணிக்கு என்பதாலோ என்னவோ, கால்குலஸ்தான் முதலில் கைவிட்டுப் போனது. மார்ச்சில் ஒரு நாள் கல்லூரி வாகன நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தியவள் இறங்கவில்லை. வகுப்பு முடியும் நேரம்வரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்துவிட்டு, அடுத்த வகுப்புக்குப் போனாள். அடுத்த முறையும் அப்படித்தான். மாதக் கடைசியில் கல்லூரி இணையதளத்தில் அந்தப் பாடத்திலிருந்து பெயரை எடுத்துவிட்டாள். அரை நிமிட வேலை. யாரிடமும் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்று இல்லை. சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

ஏப்ரல் கடைசியில் முடிவு வந்தது. இருவரும் பாயாவின் காரில் உட்கார்ந்து பார்த்தார்கள். பாயா முதலில் திறந்தாள். படித்தாள். போனைத் திருப்பி மடியில் வைத்தாள்.

"இல்லையாம்," என்றாள். "வருந்துகிறோம்னு ரெண்டு தடவ போட்டிருக்கான். நீ பாரு."

கொரினா பார்த்தாள். வாழ்த்துகள் என்றிருந்தது. யாருக்கோ வந்த தபாலைத் தவறிப் பிரித்துவிட்டதுபோல இருந்தது அவளுக்கு.

பாயா எட்டிப் பார்த்தாள். பிறகு கொரினாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "கழுத, கொஞ்சம் சிரிச்சுத் தொலையேன்டி. நானே அழாம இருக்கேன்," என்றாள். ஆனால் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

பாலாடைக்கட்டி ஆலையில் வேலை பார்க்கும் அம்மா லூர்தஸ் அன்று முழுக்கப் போனில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்ததும் சாமியார் கொரினாவின் பெயரைச் சொன்னார். ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்தார்கள். "அப்பா மேலேருந்து பாப்பாரு," என்றார்கள். கொரினா எல்லோருக்கும் நன்றி சொன்னாள்.

பத்து நாள் கழித்து நிபந்தனைக் கடிதம் வந்தது. ஜனவரியில் எழுதித் தந்த பாடங்கள் எல்லாவற்றிலும் 'பி'க்குக் குறையாமல் வாங்கவேண்டும். இல்லையென்றால் இடம் ரத்து. கொரினா படித்தாள். மடிக்கணினியை மூடிவிட்டுப் பாத்திரம் கழுவினாள்.

பாயாவுக்குத் தெரிந்தது தற்செயலாகத்தான். அவள் வேறு நேர கால்குலஸ் வகுப்பில் இருந்தாள். "உங்க வகுப்புல கடைசி அத்தியாயம் முடிச்சாச்சா? நோட்டு குடு," என்று கேட்டாள்.

"நான் அந்த வகுப்புல இல்ல. மார்ச்லயே விட்டுட்டேன்."

"விளையாடாத."

"நிஜமாத்தான்."

"யூனிவர்சிட்டிக்குச் சொல்லிட்டியா?"

"இல்ல."

பாயா முகம் சிவந்தது. "இடம் போயிடும்னு எவ்வளவு நாளா தெரியும் ஒனக்கு?"

"கடிதம் வந்து மூணு வாரம் ஆச்சு."

"மூணு வாரமா சும்மா உக்காந்திருக்கியா? ஏண்டி, எனக்குக் கிடைக்காத இடம்டி அது. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லித் தொலை. இப்படிக் கைல வச்சு அழுகிப்போக விடாத."

"வேணுமா வேண்டாமான்னே எனக்குத் தெரியல பாயா."

பாயா கொரினாவின் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "நட. ஃபென்விக் ரூம்ல இருப்பாரு," என்றாள்.

ஃபென்விக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அவங்களா கண்டுபிடிச்சா கதை முடிஞ்சுது. நீயா சொன்னா ஒரு வாசல் இருக்கு. உறுதி தர மாட்டேன்," என்றார். "உங்க அப்பா விஷயத்த ஜனவரியிலயே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லணும்னே தோணல சார்."

அங்கேயே உட்கார்ந்து ஆறு வரியில் மின்னஞ்சல் எழுதினாள். இரண்டு நாளில் பதில் வந்தது: இறப்புச் சான்றிதழின் நகல் வேண்டும். அது அம்மாவிடம் இருந்தது.

லூர்தஸ் முட்டைக்கோசு நறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"கோயில்ல பேரெல்லாம் சொல்லியாச்சேடி."

"தெரியும்மா."

"காலைல தெனம் கெளம்பிப் போனியே. எங்க போன?"

"கார்லயே உக்காந்திருந்தேன்."

லூர்தஸ் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். "நானும் ஆலை வாசல்ல பத்து நிமிஷம் உக்காந்துட்டுத்தான் எறங்கறேன்," என்றாள். "கங்காணிக்கிட்ட வண்டி மக்கர் பண்ணுதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

உள்ளே போய்ப் பழுப்புக் கவரோடு வந்தாள். "ஆறு நகல் எடுக்கச் சொன்னாங்க, எடுத்தேன். இன்னும் நாலு இருக்கு. ஒண்ண எடுத்துக்க."

பதினாறு நாள் கழித்துப் பதில் வந்தது. கோடையில் அதே பாடத்தை எடுத்து 'பி' வாங்கி, ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் காட்டினால் இடம் நிற்கும்.

கோடை வகுப்பு ஆறே வாரம். பதினாறு வாரப் பாடத்தை அதற்குள் அடைத்திருந்தார்கள். மதியம் வகுப்பு முடிந்ததும் கொரினா நேராகப் பாயா வீட்டாரின் ஸ்ட்ராபெரிக் கடைக்குப் போவாள். நெடுஞ்சாலை ஓரத்தில் நாலு கம்பும் ஒரு தார்ப்பாயும்தான் கடை. பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, வாடிக்கையாளர் வராத நேரங்களில் பாயா கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். வெயில் நூற்று நாலு டிகிரிக்குப் போனது. பாயா பொறுமைசாலி இல்லை.

"இதயே மூணு தடவ சொல்லிட்டேன். மண்டையில ஏறுதா இல்லயா?"

"ஏறல. திரும்பச் சொல்லு."

ஒரு நாள் கொரினா கேட்டாள்: "எனக்காக ஏன் இவ்வளவு பாடுபடற?"

"உனக்காகன்னு யார் சொன்னா?" பாயா ஈயை விரட்டினாள். "ரெண்டு பேருக்கும் இல்லாம அந்த இடம் வீணாப் போறதப் பாக்க முடியல. அவ்வளவுதான். அடுத்த கணக்கப் போடு."

ஜூலைக் கடைசியில் மார்க் வந்தது. 'பி'. மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி கிடையாது. கொரினா கடைக்குப் போய்ச் சொன்னாள். பாயா தலையாட்டிவிட்டு, "சரி, அந்தப் பெட்டிய அவர் வண்டில ஏத்து. நின்னுட்டிருக்காரு பாரு," என்றாள். கொரினா ஏற்றினாள். சந்தோஷம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. களைப்பாக இருந்தது. வீட்டுக்குப் போய் மத்தியானமே படுத்தவள் மறுநாள் காலைதான் எழுந்தாள். லூர்தஸ் எழுப்பவில்லை.

செப்டம்பரில் அவள் கடற்கரைக்குப் போனாள். பாயா ஒரு மணி நேரத் தூரத்திலிருந்த மாநிலக் கல்லூரியில் சேர்ந்தாள். அங்கே இன்ஜினியரிங்கில் இடம் சுலபமாகக் கிடைத்தது. முதல் மூன்று வாரம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நாலாம் வாரம் பாயாதான் கூப்பிட்டாள்.

"எப்படிடி இருக்கு?"

"தெரியல. சாப்பாடு சப்புனு இருக்கு. வகுப்புல உக்காந்திருக்கேன். சொல்றது காதுல விழுது."

"என்ன நடத்துறாங்க?"

"பாலத்துல பாரம் எப்படிப் பிரியுதுன்னு."

"எங்களுக்கு அது ஜனவரிலதான் வருது," என்றாள் பாயா. "இரு, நோட்ட எடுத்துக்கறேன். மெதுவாச் சொல்லு."