சிவப்புக் குமிழ்

வெள்ளச்சி லேப்டாப்பின் தொடுபட்டைமேல் விரலை வைத்து இழுத்தாள். அம்பு நகரவில்லை. விரலைச் சேலைத் தலைப்பில் அழுந்தத் துடைத்துவிட்டு மறுபடி வைத்து இழுத்தாள். திரையின் நடுவில் நின்றிருந்த அந்தச் சின்ன வெள்ளை அம்பு, கூப்பிட்டாலும் நிமிர்ந்து பார்க்காத ஆபீஸ் ஆள் மாதிரி, இருந்த இடத்திலேயே இருந்தது. பக்கத்தில் நின்ற கொழுந்தன் பாண்டியன் குனிந்து தன் விரலால் ஒரு தடவு தடவினான். அம்பு பாய்ந்து போய் மூலையில் ஒதுங்கியது. கடைக்காரர் ஷேக் பரீத் தடவினார். அவருக்கும் ஓடியது.

“அதுக்கு உன்னப் புடிக்கல அண்ணி,” என்றான் பாண்டியன்.

அவள் சிரிக்கவில்லை. வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ் பிடித்து, கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தை ஒட்டிய சந்தில் இருந்த அந்தக் கடைக்கு வந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. மேசைமேல் மூன்று லேப்டாப்புகள் வாயைத் திறந்துகொண்டு வரிசையாக இருந்தன. முதலாவது விலை குறைவு, முறம் மாதிரி லேசு. ஆனால் எழுதுவதையெல்லாம் நெட்டில்தான் வைத்துக்கொள்ளுமாம். அவள் ஊரில் சிக்னல் வேண்டுமென்றால் பாறைமேல் ஏறிக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டாவதின் பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்காது என்று ஷேக் பரீத்தே ஒப்புக்கொண்டார். மூன்றாவது வெள்ளி நிறத்தில் பளபளவென்று இருந்தது. நெட் வேண்டாம், கரண்ட் இல்லாமல் ஐந்து மணி நேரம் ஓடும், மாதத் தவணையும் உண்டு. அதில் எல்லாம் சரியாக இருந்தது. அவள் விரல்தான் சரியாக இல்லை.

இது அவளுக்குப் புதிதும் இல்லை. ரேஷன் கடையிலும் இதே கதைதான். பத்து விரலையும் ஒவ்வொன்றாக மிஷின்மேல் வைத்து அழுத்துவாள், ஒன்றும் பதியாது, கடைசியில் கண்ணைக் காட்டச் சொல்வார்கள். பதினாறு வருஷமாக, கார்த்திகை பிறந்தால் மலையை விட்டு இறங்கி மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகும் கரும்பை வெட்டுகிறாள். அரிவாள் பிடியும் கரும்புத் தோகையும் சேர்ந்து ரேகையை எப்போதோ தின்றுவிட்டன. கொதிக்கிற டீ டம்ளரின் சூடுகூட அவள் விரலில் யோசித்து யோசித்துத்தான் ஏறும். அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் முப்பத்தேழு வயதில், வெட்டு இல்லாத மாதங்களில், அங்கன்வாடிக் கட்டடத்தில் நடந்த முதியோர் வகுப்பில் உட்கார்ந்து அ, ஆ எழுதக் கற்றாள். பேனாவைவிடக் கரும்புக்கட்டு லேசு என்று அப்போது தோன்றியது. ஆறு வருஷம் ஆகியும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள். ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போய்விடுவார்.

அந்த மெதுவான படிப்பால்தான் இன்றைக்கு இந்தக் கடைக்கு வரும்படி ஆனது. போன வருஷம் அவள் ஊரில் பதினோரு குடும்பங்கள், தலைமுறையாக உழுகிற காட்டு நிலத்துக்கு உரிமை கேட்டு மனுக் கொடுத்தன. கீழே ஒரு டைப்பிங் கடையில் காசு கொடுத்து அடித்த மனுக்கள். பதினொன்றும் திரும்பி வந்தன. காரணம் யாருக்கும் விளங்கவில்லை. வெள்ளச்சி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தாள். கிழக்கே ஓடை, மேற்கே பாறை, வடக்கே பலாமரம், தெற்கே ஜீப் பாதை. அடுத்த மனுவிலும் கிழக்கே ஓடை, மேற்கே பாறை. அதற்கு அடுத்ததிலும் அதேதான். டைப் அடித்த ஆள் முதல் மனுவை அப்படியே நகல் எடுத்து, பெயரை மட்டும் மாற்றிப் பதினொன்று ஆக்கியிருந்தார். பதினோரு குடும்பமும் ஒரே துண்டு நிலத்தில் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நின்று உழுததாக அரசாங்கத்துக்குப் போயிருந்தது. முதலில் எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் அவரவர் மனுவைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள்.

இனி மனுவை நாமே எழுதுவது, அதுவும் அவரவர் நிலத்தில் நின்றே எழுதுவது என்று ஊர்ச் சங்கத்தில் முடிவாயிற்று. கடுக்காய் விற்ற பொதுப்பணத்தில் ஒரு லேப்டாப். ஆகஸ்ட் பதினைந்து கிராம சபைக்குள் பதினொன்றும் தயாராக வேண்டும். யார் எழுதுவது என்ற பேச்சு வந்ததும் பாண்டியன் கை தூக்கினான். ஜீப் ஓட்டுகிறவன், எட்டாவது வரை போனவன், போனில் வேறெங்கோ பார்த்துக்கொண்டே டைப் அடிப்பான். எழுபது வயது பிச்சைமுத்துதான் வேண்டாம் என்றார்.

“வேகமா அடிச்சவன் அடிச்சதுதான திரும்பி வந்துச்சு. வெள்ளச்சி ஒவ்வொரு எழுத்தா படிக்குது. அதனாலதான் கண்டுபுடிச்சுது. அதே எழுதட்டும்.”

தன் மெதுவான படிப்பை ஒருவர் தகுதியாகச் சொல்லி வெள்ளச்சி அதுவரை கேட்டதில்லை. பதினோரு வீட்டு நிலமும் தன் கைக்கு வந்துவிட்டதை நினைத்து அன்றைக்குப் பழைய மனுக்களை விளக்கடியில் மறுபடி எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். இப்போது அந்தக் கையைத்தான் இந்தப் பெட்டி வேண்டாம் என்கிறது.

ஷேக் பரீத் ஒரு மவுஸை எடுத்துச் செருகிக் கொடுத்தார். மேசைமேல் நன்றாகவே ஓடியது. அவள் நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வாங்கி, மவுஸைத் தொடைமேல் வைத்துத் தள்ளிப் பார்த்தாள். சேலை மடிப்பில் அது தடுக்கிக்கொண்டது. அம்பு தத்துக்கிளி மாதிரி அங்கும் இங்கும் தாவியது. காட்டில் மேசைக்கு எங்கே போவது? மவுஸைக் கழற்றினாள். பிறகு எழுந்து லேப்டாப்பைப் பத்திரமாக மேசையில் வைத்தாள்.

“நீயே எழுது பாண்டியா. நான் பக்கத்துல குந்திகினு சொல்றேன்.”

முதல் நாளிலிருந்து அதற்குத்தான் ஆசைப்பட்டவன் அவன். ஆனாலும் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. கையிலிருந்த போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தான்.

“நான் எழுதனா நீ சொல்றதுல பாதிதான் காதுல வாங்குவேன் அண்ணி. எனக்கே தெரியும்.”

கடையின் பின்பக்கம், கழற்றிப் போட்ட பலகைகளுக்கு நடுவே, ஷேக் பரீத்தின் மகள் சப்ரின் குனிந்து எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தாள். ரிப்பேர் எல்லாம் அவள் பொறுப்பு. அவ்வளவு நேரமும் நிமிராதவள் இப்போது எழுந்து வந்து, வெள்ளச்சியின் கையைக் கேட்காமலே எடுத்து, ஆள்காட்டி விரலின் நுனியைத் தன் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். கரும்பா என்று கேட்டாள். வெள்ளச்சி ஆமாம் என்றாள்.

“வெரல்ல ஒரு தப்பும் இல்லக்கா. தோல் மெல்லிசா, ஈரமா இருந்தாத்தான் இந்த பட்டைக்கு வெரல் வந்துச்சுன்னே தெரியும். உங்க தோலு காஞ்சு தடிச்சு கெடக்குது. தெரியலன்னா அது அதோட கொற.”

சொல்லிவிட்டு அலமாரிக்கு அடியில் கையை விட்டு, கறுப்பாக, தடிப்பாக, ஓரமெல்லாம் தேய்ந்த ஒன்றை இழுத்து எடுத்தாள். ஏதோ கம்பெனி ஆபீஸில் பத்து வருஷம் உழைத்துவிட்டு மொத்தமாக ஏலத்தில் வந்த சரக்கு. ஷேக் பரீத்துக்கு அது பிடிக்கவில்லை. அதைப் பிரித்து பார்ட்ஸாக விற்க வைத்திருப்பதாகவும், விண்டோஸ் போட்டால் திறப்பதற்குள் ஆள் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்றும் சொன்னார்.

“விண்டோஸ் யாரு போடப் போறா அத்தா,” என்றாள் சப்ரின்.

ஒரு பென்டிரைவைச் செருகிப் பொத்தானை அழுத்தினாள். அதில் விண்டோஸுக்குப் பதிலாக ஓடுகிற லினக்ஸ் இருப்பதாகவும், இப்போதைக்கு அதிலிருந்தே ஓட்டிக் காட்டுவதாகவும், பிடித்திருந்தால் உள்ளே ஏற்றித் தருவதாகவும் சொன்னாள். கறுப்புப் பெட்டி இருமுவது போல ஒரு சத்தம் போட்டுவிட்டு, டீக்கெல்லாம் நேரம் கொடுக்காமல் விழித்துக்கொண்டது. நடுவில் அதே போன்ற வெள்ளை அம்பு. வெள்ளச்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

எழுத்துக் கட்டைகளுக்கு நட்டநடுவில், குன்றிமணியைவிடச் சற்றுப் பெரிதாக, சொரசொரப்பான சிவப்புக் குமிழ் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. அதன்மேல் விரலை வைக்கச் சொன்னாள் சப்ரின். தேய்க்கக் கூடாது, இழுக்கக் கூடாது, எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் சாய்த்து அழுத்தினால் போதும். தோல் எப்படி இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. அழுத்தம்தான் கணக்கு.

வெள்ளச்சி அழுத்தினாள். அம்பு விர்ரென்று ஓடிச் சுவரில் முட்டியது மாதிரி ஓரத்தில் நின்றது. பாண்டியன் சிரிக்க வாயெடுத்து அடக்கிக்கொண்டான். அவள் பலத்தைக் குறைத்தாள். தோளிலிருந்து வருகிற பலத்தை மணிக்கட்டோடு நிறுத்தி, விரலை மட்டும் சாய விட்டாள். அம்பு மெல்ல, தயங்கித் தயங்கி, அவள் நினைத்த பக்கம் வந்தது. மேலே போ என்று நினைத்தாள், போனது. இடப்பக்கம் திரும்பு என்றாள், திரும்பியது. ஒரு மிஷின் அவள் விரலுக்குக் கட்டுப்பட்டது அதுதான் முதல் தடவை. அம்பை மூலை வரை அனுப்பித் திரும்ப வரவழைத்தாள்.

அப்புறம்தான் திரையைப் பார்த்தாள். மேலே வரிசையாக இருந்தவை தமிழ் எழுத்துகள். கோ... ப்... பு. திரு... த்து. பா... ர்வை. வெள்ளி நிறத்து லேப்டாப்பில் எல்லாம் இங்கிலீஷில் இருந்ததால் அது படிக்க வேண்டிய இடம் என்றே அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. இதில் எந்த மூலையைத் தொட்டாலும் அவள் எழுத்துக் கூட்டலாம். விலை என்ன என்று கேட்டாள். லேப்டாப்புக்கு வெள்ளி நிறத்ததில் பாதிகூட இல்லை, உள்ளே ஓடுகிற லினக்ஸுக்கு ஒன்றும் கிடையாது என்றாள் சப்ரின்.

பாண்டியன் முகம் சுருங்கியது. “இனாமா குடுக்கறாங்கன்னா அதுல இன்னாமோ இருக்குது. அவனுக்கு இன்னா லாபம்?”

சப்ரினுக்கு அதைச் சொல்லி விளக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. ஒருத்தர் செய்தது இல்லை, பல ஊர்க்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக எழுதிச் சேர்த்தது. எப்படி எழுதினார்கள் என்பதையும் திறந்தே வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், தனக்கு ஏற்ற மாதிரி மாற்றலாம், கேட்கிற ஆளுக்கு நகல் எடுத்துக் கொடுக்கலாம். அந்தத் தமிழ்கூட எங்கோ யாரோ வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து எழுதியதுதான். பாண்டியனுக்கு நம்பிக்கை வரவில்லை. வெள்ளச்சிக்கு வந்தது. ஒரு வருஷம் சாமை விதை பூசணம் பிடித்து வீணாய்ப் போனபோது, அவள் பக்கத்து ஊருக்குக் கூடையோடு நடந்திருக்கிறாள். விதைக்கு அங்கே யாரும் விலை சொல்லவில்லை. அடுத்த வருஷம் வேறு யாரோ ஒருத்தி அவள் வீட்டு வாசலில் கூடையோடு வந்து நின்றாள். இல்லை என்று சொல்ல வெள்ளச்சியால் முடியாது, சொல்லவும் தோன்றாது.

“வெத மாரி,” என்றாள்.

சப்ரின் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது போல் தலையாட்டினாள்.

சப்ரின் அதன் குறைகளையும் மறைக்கவில்லை. கேமரா வேலை செய்யாது. மூடியின் ஒரு பக்கக் கீல் தளர்வு, ஒரு கையால் பிடித்துத் திறக்கக் கூடாது. சப்ரின் கட்டைகள்மேல் தமிழ் எழுத்து ஸ்டிக்கர்களை ஒட்டித் தந்தாள். உயிரெழுத்து எல்லாம் இடக்கைப் பக்கம், மெய் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். வகுப்பில் சொல்லிக்கொடுத்த மாதிரியே பிரித்து வைத்திருக்கிறார்களே என்று வெள்ளச்சிக்கு ஆச்சரியம். நெட்டை அணைக்கச் சொல்லிவிட்டு, தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு, அ-விலிருந்து தொடங்கி ஒரு எழுத்து விடாமல் அழுத்திப் பார்த்தாள். பாண்டியன் டீ குடித்துவிட்டு வந்தான். இன்னொரு டீயும் குடித்துவிட்டு வந்தான். அவள் அப்போதுதான் வகர வரிசையில் இருந்தாள்.

“முப்பது வருஷமா கட வெச்சிருக்கேன் மா,” என்றார் ஷேக் பரீத். “எல்லா எழுத்தும் இருக்குதான்னு பாத்து வாங்கன மொத ஆளு நீதான்.”

“ஒரு எழுத்து கம்மியாச்சுன்னா ஒரு ஆளு நெலம் போயிடும் பாய்.”

அவர் லேப்டாப்புக்கு ஒரு பை எடுத்து வைத்தார். வெள்ளி நிறத்ததை விற்கவிடாத இப்படி ஒரு மகள் இருந்தால் கடை உருப்பட்ட மாதிரிதான் என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். வரும்போது அதே கறுப்புப் பெட்டிக்குப் பொருந்துகிற இன்னொரு பேட்டரியைக் கொண்டுவந்து, ஊதித் தூசி தட்டி, பையில் சேர்த்து வைத்தார்.

ஐந்தாம் நாள் காலை, பிச்சைமுத்துவின் காட்டிலிருந்து ஆரம்பித்தார்கள். சாமை முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. மஞ்சு விலகி வெயில் வந்ததும் திரையில் ஒன்றும் தெரியவில்லை. ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு வந்த பாண்டியன் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்றான். வெள்ளச்சி வரப்போரக் கல்லில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். பிச்சைமுத்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொன்னார். அவர் பெயரும் அவர் அப்பன் பெயரும் எழுத வெயில் ஒரு முழம் ஏறிவிட்டது. கிழக்கே ஓடை இல்லை, சுனையிலிருந்து வரும் வாய்க்கால். வடக்கே ரங்கம்மாள் காட்டு வேலி. தெற்கே மரவள்ளி மேடு. ஒவ்வொரு பக்கத்தையும் எழுதி முடித்ததும் அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். ஆமாம் என்று அவர் சொன்ன பிறகே அடுத்ததற்குப் போனாள். பேட்டரி பாதிக்குமேல் இருந்தது. இன்னும் பத்துக் குடும்பம், கிராம சபைக்கு ஒன்பது நாள்.

மேற்கு என்றதும் கிழவர் பேச்சை நிறுத்தினார். மேற்கு எல்லையில் ஒரு வேங்கை மரம் நின்றிருந்தது. அவர் தாத்தா காலத்து மரம். போன மழைக்கு முந்தின மழையில் சாய்ந்துவிட்டது.

“நின்ன மரத்த எழுதறதா, இப்ப இருக்கறத எழுதறதாம்மா?”

வெள்ளச்சிக்கும் தெரியவில்லை. கீழே அடித்தவராக இருந்தால் பாறை என்று போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார். அவள் சாமைக்கு அப்பால், நிலம் சரிந்து இறங்குகிற பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“வாங்க மாமா. போயி பாத்துட்டு எழுதலாம்.”

மூடியைச் சாத்தாமல், கீலுக்கு நோகாதபடி இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு எழுந்தாள். கிழவர் பயிரை விலக்கி வழி காட்ட முன்னால் நடந்தார். பாண்டியன் குடையோடு பின்னால் ஓடி வந்தான். அவன் எட்டுவதற்குள் திரை வானத்தைப் பார்த்துச் சாய்ந்துகொண்டது. அதில் ஒரு மேகம் நுழைந்து எழுத்துகளின்மேல் மெதுவாக நகர்ந்தது. மேகம் கடந்து போன இடத்தில் ‘மேற்கே’ என்ற சொல் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு விட்டு விட்டுத் துடித்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே, கால் வழுக்காமல், சரிவில் இறங்கினாள்.