அவர் உயரத்துக்கு ஒரு டெலஸ்கோப்

"உங்க வீட்டுக்காரர் என்ன பாப்பாருங்க?" என்று கடைக்காரர் கேட்டார். "நிலாவா, கிரகமா, இல்ல வேற ஏதாவதா? அதுக்குத் தகுந்த மாதிரிதான் நல்ல டெலஸ்கோப்பா சொல்ல முடியும்."

இருபத்தெட்டு வருஷக் குடித்தனம். தினமும் சாப்பிட்ட கையோடு மொட்டை மாடிக்கு ஏறுகிற மனுஷன் அங்கே எதைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியாது. அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டுத் தொலைத்ததில்லை. "கேட்டுட்டு வர்றேன்" என்று எழுந்து வந்தேன். பஸ்ஸில் முதலில் அவர் மேல்தான் கோபம் வந்தது. பாதி வழியில் அது என் மேலேயே திரும்பிவிட்டது.

நான் தையல்காரி. ஆள் வாசலில் வந்து நின்றாலே தோள் இத்தனை, கை இத்தனை என்று சொல்லிவிடுவேன். நான் தைத்தது அளவு தப்பித் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. இதைக் கேட்டுக் கேட்டு வாடிக்கைக்காரர்களுக்கே காது புளித்துவிட்டது.

அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். பஸ்ஸுக்கு அடியில் கிடந்தே கழுத்து போய்விட்டது. அந்தக் கழுத்தை வைத்துக்கொண்டு, யாரோ கழித்துக் கொடுத்த ஒரு குட்டி டெலஸ்கோப்பில் குனிந்து கிடப்பார். மகள் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் மிஷின் சத்தம் ஒன்றுதான் எனக்குப் பேச்சுத்துணை. நல்லதாக ஒன்று வாங்கித் தந்தால் ஒரு நாளாவது "நீயும் வந்து பாரேன்" என்பார் அல்லவா? பச்சையாகவே சொல்கிறேன், பரிசெல்லாம் சாக்கு. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஏங்கினேன்.

அன்று சாப்பிடும்போது கேட்டேன். "மேல அப்படி என்னதான் பாக்கறீங்க?"

அவர் கை நின்றது. "ஏன்?"

"கேக்கக்கூடாதா?"

"ரெட்டை நட்சத்திரம். வெறுங்கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியும். உள்ள பாத்தா ரெண்டு இருக்கும். தலைக்கு நேர் மேல வரும்போது பாக்கணும், அப்பதான் நல்லாப் பிரிஞ்சு தெரியும்."

ஐந்து நிமிடம் பேசினார். அந்த மாதம் முழுக்க என்னிடம் பேசியதைவிட அதிகம். பிறகு சட்டென்று, "உனக்கு இதெல்லாம் போரடிக்கும்" என்று கை கழுவப் போய்விட்டார்.

மறுநாளே கடையில் போய் நின்றேன். உள்ளே கண்ணாடி வைத்த பெரிய குழாயைக் கடைக்காரர் காட்டினார். "இதுல கண்ணு வைக்கற இடம் மேல் நுனிகிட்ட இருக்கு. நிமிந்து நின்னே பாக்கலாம், கழுத்துக்குக் கஷ்டமில்ல. ஆனா மூணு கால் ஸ்டாண்டு ஆடும். மாடில இரும்புத் தூண் நட்டு அதுமேல பூட்டிட்டா அசையாது. தூணோட உயரம் மட்டும் சரியா இருக்கணும்."

அளவு விஷயம் என்னிடமா? குழாயை நேர் மேலே நிமிர்த்தச் சொல்லி டேப்பை வைத்தேன். என் வீட்டுக்காரர் கண் தரையிலிருந்து ஐந்தடி நாலரை அங்குலம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அவர் மகளைப் பார்க்கப் போயிருந்த நான்கு நாளில் வெல்டரை வரவழைத்தேன்.

"அக்கா, ஏத்தி இறக்கற மாதிரி செஞ்சுடலாமா?" என்றார் வெல்டர்.

"என் அளவு என்னைக்குத் தப்பியிருக்கு? சொன்னதைச் செய்ங்க."

தூணைச் சிமெண்டில் இறுக்கியாயிற்று.

அவர் ஊரிலிருந்து வந்த அன்று இருட்டியதும் மாடிக்குக் கூட்டிப்போனேன். வெகுநேரம் குழாயைத் தடவிக்கொண்டே நின்றார். "யாரைக் கேட்டு இவ்வளவு நல்லதா வாங்கினே?" என்றார். பிறகு கண்ணை வைத்தார். கழுத்து ஒரு நூல் வளையவில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அரை மணி நேரம் கைப்பிடிச் சுவரோரமாகக் காத்திருந்தேன்.

"இங்க வா. நீயும் பாரேன்."

சொல்லிவிட்டு டார்ச் வெளிச்சத்தில் நோட்டில் எதையோ குறிக்கத் தொடங்கினார். நான் போய் நின்றேன். கண் வைக்கும் இடம் என் நெற்றிக்கும் மேலே இருந்தது. குதிகாலைத் தூக்கினேன். மூக்கு குழாயில் இடித்ததுதான் மிச்சம். அவரை மட்டும்தான் அளந்திருக்கிறேன். அங்கே நானும் வந்து நிற்பேன் என்பது எனக்கே தோன்றவில்லை.

கீழே மிஷின் முக்காலி இருக்கிறது. எட்டவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால், அவரே இரண்டு நிமிடத்தில் எடுத்து வந்துவிடுவார். ஆனால் அளவு தப்பிவிட்டது என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்?

"தெரியுதா?"

"ம், தெரியுது."

"ரெண்டும் என்ன கலர்?"

"வெள்ளை."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "ஒண்ணு மஞ்சள், ஒண்ணு நீலம். யார் பாத்தாலும் முதல்ல அதைத்தான் சொல்லுவாங்க" என்றார். கோபப்பட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அவர் கோபப்படவில்லை. "பரவால்ல. எனக்காக நீ சிரமப்பட்டுப் பாக்க வேண்டாம். கீழ போய்ப் படு."

நான் இறங்கி வந்துவிட்டேன்.

இப்போதெல்லாம் முன்னைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக மேலேயே இருக்கிறார். அவ்வளவு வசதியாக அமைந்துவிட்டதாம், போனில் மகளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார். என்னை மறுபடி கூப்பிடவே இல்லை.