ஐஸ் கம்பெனிக்குள் ஒரு பின்லாந்து

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். திருக்கோகர்ணத்து அரைக்காசு அம்மன் சந்நிதியில் சூடம் ஏற்றி அணைக்கச் சொன்னாலும் அணைத்துவிடலாம். அணைத்த கை சுட்டுவிட்டால் அது சூடத்தின் குணம். கதையின் குணம் அல்ல.

போன மே மாதம், கத்திரி வெயிலின் உச்சியில் நடந்தது இது. வல்லத்திராக்கோட்டையில் எப்பேர்ப்பட்ட வெயில் என்றால், டிராக்டர் குணசேகரன் வீட்டு வேப்பமரத்தின் நிழல் வெளியே கிடக்கமாட்டாமல் வீட்டுக்குள் வந்து ஃபேனுக்கு அடியில் படுத்துக்கொண்டது. சமையற்கட்டுக்குப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

அந்த வெயிலில் அந்த வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த பேச்சு மட்டும் பனியைப் பற்றியது.

குணசேகரனின் மனைவி தேவிப்ரியா புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை முடிந்து வந்து ஆன்லைனில் பின்லாந்துக்காரர்களின் மொழியைப் படித்துத் தேறி, அந்த நாட்டில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலையும் வாங்கிவிட்டாள். புருஷனையும் பிள்ளைகளையும் கூடவே அழைத்து வரலாம் என்று அங்கிருந்து சொல்லிவிட்டார்கள். மூத்தவள் ஹரிணி மூன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். இளையவன் சரவணக்குமார் யு.கே.ஜி. வருகிறார்களா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் மெயில் அனுப்பியாக வேண்டும்.

"என்னங்க, இன்னைக்கு வெள்ளிக்கிழம. ஒண்ணு போவோம்னு சொல்லுங்க, இல்ல வேணாம்னு சொல்லுங்க. ஊறப்போட்ட அரிசி மாதிரி எத்தன நாளைக்கு வச்சிருப்பீங்க?"

"புள்ளைக குளிரு தாங்காதுல பிரியா. மார்கழி மாசத்துக்கே மூக்க ஒழுகவிட்டுக்கிட்டுத் திரியுதுக."

"அங்க உள்ள புள்ளைக தாங்கலையா?"

"அதெல்லாம் கம்பெனியிலயே அதுக்குன்னு செஞ்சு வந்தது. நம்ம புள்ளைக வேற மாடலு."

சித்தப்பா சேவுகன் அந்நேரம் பார்த்து மோர் குடிக்க வந்திருந்தார். அவர் திருச்சியைத் தாண்டிப் போனதில்லை. அதனால் வெளிநாடுகளைப் பற்றிக் குழப்பமில்லாத கருத்து வைத்திருந்தார்.

"அங்கிட்டுக் குளிர் காலத்துல சூரியன் லீவு போட்ருதாம்ல. நாம காலையில பல்லு வெளக்குறமா, ராத்திரி சாப்புட்டு வாய் கொப்புளிக்கிறமான்னே தெரியாதாம். புள்ளைக வெறச்சுப் போச்சுன்னா அப்புறம் வெயில்ல காய வைக்கவும் வழி கெடையாது. பாத்துக்க."

குணசேகரன் மீசையைத் தடவிக்கொண்டான். அந்த மீசையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அதன் இடது நுனி புதுக்கோட்டையையும் வலது நுனி அறந்தாங்கியையும் பார்த்து நிற்கும். வழி கேட்டு வருகிறவர்களுக்கு அவன் கை நீட்டுவதில்லை. ரோட்டைப் பார்த்து நிமிர்ந்து நின்றால் போதும், லாரிக்காரர்கள் புரிந்துகொண்டு போய்விடுவார்கள். கடலைக் கொல்லை உழவேண்டுமா, கரும்பு ஏற்றவேண்டுமா, கோயில் திருவிழாவுக்கு மைக்செட் இழுக்கவேண்டுமா, சுற்றுவட்டாரத்தில் முதலில் அவனுக்குத்தான் போன் வரும். 'டிராக்டர் குணா வந்துட்டான்' என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பின்லாந்தில் யார் போன் பண்ணுவார்கள்? அவள் வேலைக்குப் போவாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும். அவன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வராத சூரியனுக்காகக் காத்திருப்பான். அவனுடைய உண்மையான பயம் இதுதான். ஆனால் இதை வெளியே சொல்ல அந்த மீசை விடாது. ஆகவே பிள்ளைகள், குளிர், பிள்ளைகள், குளிர் என்றே பேசிக்கொண்டிருந்தான்.

"சரி," என்றாள் தேவிப்ரியா. "குளிரு தாங்குமா தாங்காதான்னு வாயிலயே பேசிக்கிட்டிருந்தா? ஒரு டெஸ்ட் வச்சுப் பாத்துருவோம். ஜெகதாப்பட்டினத்துல ஒங்க கூட்டாளி சைபுல்லாண்ணன் ஐஸ் கம்பெனி வச்சிருக்காகள்ல?"

குணசேகரனும் சைபுல்லாவும் புதுக்கோட்டை ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சில் தூங்கியவர்கள். அன்றைக்கே போன் போட்டாயிற்று. குணசேகரன்தான் நிபந்தனையையும் சொன்னான்: நான்கு பேரும் ஐஸ் அறைக்குள் போவது, கதவைச் சாத்திவிடுவது, ஒரு பகல் பொழுது. இரண்டு பிள்ளைகளில் ஒன்று கதவைத் தட்டி வெளியே வந்தாலும் பின்லாந்துப் பேச்சை அத்தோடு விட்டுவிட வேண்டும். தட்டாவிட்டால் போய்விட வேண்டும்.

"பெரியவுங்க தட்டுனா?" என்று கேட்டாள் தேவிப்ரியா.

"பெரியவுங்க ஏன் தட்டுறாங்க?" என்றான் மீசையை முறுக்கி.

சனிக்கிழமை காலை கொடைக்கானல் டூருக்கு வாங்கிய ஸ்வெட்டர்களை மாட்டிக்கொண்டு, காதை மூடிய குல்லாவோடு நான்கு பேரும் பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் அவர்களைப் பார்த்ததுமே வேர்த்தது. அறந்தாங்கியில் பஸ் மாறி ஜெகதாப்பட்டினம் போய் இறங்கும்போது சரவணக்குமாரின் ஸ்வெட்டரைப் பிழிந்தால் ஒரு வாளி தேறும்.

சைபுல்லா வாசலுக்கே வந்துவிட்டான்.

"வாங்க தங்கச்சி. வாடா மாப்ளே, இந்தக் கோலத்துல வாரதுக்குப் பின்லாந்துக்காரனே ஒன்னயப் பாத்து ஓடிருவானேடா! என் வீட்டுக்காரி நூர்நிஷா சுக்கு டீ போட்டு வச்சிருக்கு, குடிச்சுட்டு உள்ள போங்க. தாங்க முடியலைன்னா தட்டுங்க, என்ன?"

"தட்டக் கூடாது மாமா," என்றாள் ஹரிணி. "தட்டுனா நாங்க அவுட்டு."

உள்ளே ஐஸ் பார்கள் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. ஒவ்வொன்றும் ஆள் உயரம். இடுக்குகளில் உமி கொட்டியிருந்தது. ஒரு மூலையில் கூடை கூடையாக மீன். கதவு சாத்தியதும் குணசேகரன் குடித்த சுக்கு டீ வயிற்றுக்குள்ளேயே உறைந்துவிட்டது. அவன் திரும்பும்போதெல்லாம் உள்ளே கோலிக்குண்டு போல உருண்டது. தேவிப்ரியா ஒரு ஐஸ் பாரின் மேல் சாக்கை விரித்து, பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து, போனில் பாடம் படிக்கத் தொடங்கினாள். பிள்ளைகள் இரண்டும் மூச்சை ஊதி ஊதி விளையாடின. ஊதிய மூச்சு மேலே போய்க் கூரையடியில் மேகமாகத் திரண்டது. கொஞ்ச நேரத்தில் அந்த மேகம் கறுத்தது. பிறகு அறைக்குள் பனி கொட்ட ஆரம்பித்தது. முதலில் தூறல்தான், அப்புறம் நல்ல மழை.

கூடையிலிருந்த சூடை மீன் ஒன்று கண்ணைத் திறந்து, கதவை ஒழுங்காகச் சாத்தச் சொன்னதாக ஹரிணி சொன்னாள். அதற்கு வேறு சாட்சி இல்லாததால் அதை இங்கே சேர்க்கவில்லை.

குணசேகரனுக்குக் கால் மரத்துப்போனது. கதவைத் தட்ட அவனுக்கு வழியில்லை, தட்டவேண்டியது பிள்ளைகள். அவன் மெல்லச் சின்னவன் பக்கத்தில் போய்க் குனிந்தான்.

"சரவணா, ஒண்ணுக்கு வருதாடா?"

"இல்லப்பா."

"வந்தாச் சொல்லு. அடக்கக் கூடாது. கதவு அங்கிட்டு இருக்கு."

"வரல்லப்பா."

"பசிக்குதாடா? வெளிய புரோட்டாக் கடை இருக்கு."

"என்னங்க," என்றாள் தேவிப்ரியா போனிலிருந்து தலையை எடுக்காமல். "புள்ளைய ஏங்க அரிக்கிறீங்க? அவனுக்கு ஒண்ணுமில்ல. ஒங்களுக்கு வருதுன்னா நீங்க போயி தட்டுங்க."

குணசேகரன் ரோஷத்தோடு சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் வினையாகப் போயிற்று. மீசை அதற்குள் இரும்புக் கம்பியாக விறைத்திருந்தது. உதடு அசைந்ததும் அறந்தாங்கியைப் பார்த்த வலது பாதி 'ணங்' என்று ஒடிந்து ஐஸ் தரையில் விழுந்து, இரண்டு தடவை துள்ளி நின்றது.

ஹரிணிதான் போய் எடுத்தாள். அவளும் தம்பியும் அதற்குள் விழுந்த பனியைக் கூட்டி ஒரு பிள்ளையார் பிடித்திருந்தார்கள். தொப்பை இருந்தது, காது இருந்தது. அவள் அப்பாவின் மீசையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பிள்ளையாரின் முகத்தில் செருகினாள்.

"தும்பிக்கைக்கு என்னடா செய்றதுன்னு பாத்துக்கிட்டே இருந்தேம்ப்பா. கரெக்டா இருக்கு."

குணசேகரன் முழங்கால் அளவுப் பனியில் பொத்தென்று உட்கார்ந்தான். பாதி மீசையோடு வீறாப்புப் பேச முடியாது என்பது யாருக்கும் தெரிந்ததே. இருந்த பாதி புதுக்கோட்டைப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, அவன் உண்மையைச் சொன்னான்.

"பிரியா, புள்ளைக தாங்கும். எனக்கே தெரியுது. அங்க போயி நான் என்ன செய்ய? நீ வேலைக்குப் போவ. ஊரே ஒன்னயத்தான் கும்புடும். நான் யாரு? பிரியா புருஷன். அம்புட்டுத்தான்."

தேவிப்ரியா போனை மடியில் வைத்தாள்.

"இங்க மட்டும் என்னவாம்? ஆஸ்பத்திரிக்கு வண்டியெடுத்துக்கிட்டு என்னயக் கூப்புட வாரீங்கள்ல, வாட்ச்மேன் என்னன்னு சொல்றாரு? 'நர்ஸம்மா, ஒங்க வீட்டுக்காரரு வந்துட்டாரு'ன்னு. என்னைக்காவது டிராக்டர் குணா வந்திருக்காருன்னு சொல்லியிருக்காரா? அதுக்கு ஒங்க மீசை என்ன கொறஞ்சா போச்சு?"

குணசேகரன் யோசித்துப் பார்த்தான். உண்மைதான். இத்தனை வருடமாக அவன் சிரித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறான். கூடவே வாட்ச்மேனுக்கு டீயும் வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

அந்த நேரத்தில் பனி சரவணக்குமாரின் இடுப்பளவுக்கு வந்துவிட்டது.

"அம்மா," என்றான் அவன், "அங்கயும் இப்புடித்தான் கொட்டுமா? அப்ப பஸ்ஸெல்லாம் எப்புடிப் போகும்?"

"காலையில வந்து தள்ளி விட்ருவாகடா. முன்னாடி பெரிய தகடு மாட்டிக்கிட்டு வருவாக."

"எது வரும்?"

"டிராக்டருதான்."

அறைக்குள் சட்டென்று எல்லாம் நின்றது. கொட்டிக்கொண்டிருந்த பனிகூட ஒரு கணம் நடுவழியில் நின்றதாகவே சொல்ல வேண்டும். குணசேகரன் மெல்லத் தலையைத் தூக்கினான்.

"எது?"

"டிராக்டருங்க. வீடியோல பாத்தேன். தெருத்தெருவா வருது."

"எத்தன எச்.பி.?"

"அதெல்லாம் எனக்கு என்ன தெரியும்?"

"டிராக்டரு கலரு என்ன? தகடு ஹைட்ராலிக்கா, கையால தூக்குறதா? இம்புட்டுப் பனியையும் எங்கிட்டு ஒதுக்குறான்? காவாய்க்கா?"

"என்னங்க இது, வக்கீலு மாதிரி கேட்டுக்கிட்டு!"

"இல்லடி, கேக்கணும்ல. பனி நனஞ்ச பனியா, காஞ்ச பனியான்னு பாக்கணும். டயருக்குச் சங்கிலி போட்டாகணும். நம்ம கரம்பை மண்ணுல சேத்துழவு ஓட்டுனவன், எனக்குத் தெரியாதா?" என்று எழுந்தவன், கிடந்த பலகை ஒன்றை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். சின்னவனைத் தோளில் ஏற்றினான். வாயால் ஸ்டார்ட் செய்தான். ஒரே தள்ளில் பனி முழுவதும் சுவரோரம் போய் வரப்பாக நின்றது. திரும்பி வந்தான், இன்னொரு தள்ளு. "ரைட்ல ஒடிங்கப்பா!" என்று கத்தினான் சின்னவன். ஹரிணி முன்னால் நின்று கை காட்டி வழிவிட்டாள். குணசேகரனுக்கு வேர்த்தே விட்டது. வேர்வை பட்ட இடத்தில் இரண்டு ஐஸ் பார் கரைந்தன. அதற்கான விலையைச் சைபுல்லா கடைசிவரை வாங்க மறுத்துவிட்டான்.

அப்போதுதான் கதவு தட்டும் சத்தம் கேட்டது. வெளியிலிருந்து.

"மாப்ளே! தங்கச்சி! உசுரோட இருக்கியளா?"

"யாருடா தட்டுறது?" என்று உள்ளேயிருந்து சீறினான் குணசேகரன். "நீ தட்டி எங்கள அவுட்டாக்கவா? போடா அங்கிட்டு! இன்னும் ரெண்டு சால் கெடக்கு!"

சாயங்காலம் அவர்களைத் தூக்கித்தான் வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது; பிள்ளைகள் இரண்டும் வரமாட்டேன் என்று அழுதன. நூர்நிஷா சுடச்சுடச் சோறு போட்டாள். குணசேகரன் சாப்பிட்ட முதல் கவளத்தில் வயிற்றுக்குள் கிடந்த சுக்கு டீ உருகி, அப்போதுதான் காரம் தெரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் பிள்ளையாரும் வந்தார். "சாமிக்கு டிக்கெட் எடுக்கணுமாண்ணே?" என்று கேட்டாள் ஹரிணி. "மடியில வச்சுக்கிட்டா வேணாம் பாப்பா. வேணும்னா என் பக்கத்துல உக்காந்துக்க, எனக்கும் குளுகுளுன்னு இருக்கும்," என்றார் கண்டக்டர். வழியில் இறங்க வேண்டியவர்கள் பலர் அந்தக் குளிர்ச்சியை விட்டு இறங்க மனமில்லாமல் கும்பிட்டபடியே கூட வந்தார்கள். அறந்தாங்கியில் பஸ் மாறும் முன் குணசேகரன் ஒரு சலூனுக்குள் போய், மிச்சமிருந்த பாதியையும் எடுத்துவிட்டு வந்தான். முகம் பத்து வயது குறைந்திருந்தது. தேவிப்ரியா பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. பின்லாந்துக்காரரு மாதிரி இருக்கீங்க."

மெயில் பஸ்ஸிலேயே போயிற்று. வருகிறோம் என்று அவள் எழுதினாள். கடைசி வரியாக, டிராக்டர் எத்தனை எச்.பி. என்று அவன் கேட்கச் சொன்னதையும் எழுதினாள். செவ்வாய்க்கிழமை பதில் வந்தது: 'டிராக்டர் பற்றி எங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் எங்கள் வாசலில் குளிர் காலம் முழுக்க நிறையப் பனி இருக்கும்.' குணசேகரன் அதைச் சித்தப்பா சேவுகனுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினான்.

வீட்டுக்கு வந்த பிள்ளையாரை ஃபேனுக்கு அடியில் வைத்தார்கள். அங்கே படுத்திருந்த வேப்பமர நிழலுக்குக் குளிர் தாங்கவில்லை; எழுந்து வெளியே போய் மரத்தடியிலேயே விழுந்தது. இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் வல்லத்திராக்கோட்டைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். குணசேகரனின் விசா போட்டோவையும் பார்க்கலாம். அதில் மீசை இல்லை.

ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்த மே மாதம் முழுக்க, சைபுல்லாவின் ஐஸ் கம்பெனி பூட்டிக் கிடந்தது.