எழுபத்தேழு புள்ளி எட்டு சதவீதம் நாய்

அமெரிக்க மாநிலமான மினசோட்டாவின் வடக்கே, ஓர் ஏரிக்கரை நகரத்தில், மைனஸ் இருபது டிகிரி குளிரிலும் வீடற்றோருக்கான நகராட்சித் தங்குமிடத்தின் நாற்பது கட்டில்களில் முப்பது காலியாகக் கிடந்தன. ஆகவே அது தேவையில்லை, மூடிவிடலாம் என்று தரவுப் பிரிவின் இயக்குநர் டேல் ஹாக்லண்ட் முடிவுகட்டியிருந்தார். பதினான்கு வண்ண வரைபடங்கள் அவர் பக்கம்.

அதே அலுவலகத்தில் இங்க்ரிட் தோர்சனின் வேலை ஆட்களோடு உட்கார்ந்து பேசி ஆய்வு செய்வது. மூன்று வாரம் காபியும் டோனட்டுமாகப் பாலத்தடியில் அலைந்து, ஏன் தங்குமிடத்துக்கு வருவதில்லை என்று அங்கே வசிக்கும் ஒன்பது பேரிடம் கேட்டு, அறுபது பக்கம் எழுதினாள். விஷயம் ஒரு வரிதான்: உள்ளே நாய்க்கு அனுமதியில்லை, நாயை விட்டுவிட்டு வர பெரும்பாலானோருக்கு மனமில்லை.

டேல் அறிக்கையைக் கையில் எடைபோட்டார்.

"ஒம்பது பேரா? எங்க வீட்டு கிறிஸ்துமஸ் விருந்துக்கே இதவிட அதிகம் வருவாங்க. இது ஆய்வில்ல இங்க்ரிட், அரட்டை."

"கட்டில் காலின்னு பதினாலு படத்துல சொல்றீங்க. ஏன் காலின்னு எதுல இருக்கு?"

"ஏன்ங்கிறதுக்கு அட்டவணையில கட்டமே கிடையாது," என்றார் அவர், கூச்சமேயில்லாமல்.

வியாழன் மதியம் நகர மன்றத்தில் தங்குமிடத்தை மூடுவது பற்றி வாக்கெடுப்பு. வெள்ளிக்கிழமை மைனஸ் முப்பது என்றது வானிலை அறிக்கை. ஒன்பது பேரை வைத்துச் சதவீதம் போட்ட மாணவர்களை முன்பு கல்லூரியில் எட்டு வருடம் விரட்டியடித்தவள், அன்று கதவைச் சாத்திக்கொண்டு நாயைக் காரணம் சொன்ன ஏழு பேரை ஒன்பதால் வகுத்தாள். வட்டம் வரைந்து நீலம் பூசினாள். நாய் காரணமாக வராதவர்கள்: 77.8 சதவீதம்.

புள்ளிக்குப் பின்னால் ஓர் எண்ணைக் கண்டதும் டேல் உருகிவிட்டார். மன்றத்தில் தாமே எழுந்து, "வலுவான ஆதாரம்" என்று மூன்று தடவை சொன்னார்.

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற உறுப்பினர் பெவ் கொவால்ஸ்கி கை தூக்கினார்.

"மீதி இருபத்திரண்டு புள்ளி ரெண்டு யாரு?"

டேல் தாளைப் புரட்டினார். பிறகு இங்க்ரிட்டைப் பார்த்தார்.

"ரெண்டு பேருங்க," என்றாள் அவள். "ராய்கிட்ட இருக்கிறது பூனை. லொரெய்னோட நாய் போன மாசம் செத்துப்போச்சு. மத்தவங்க நாய்ங்கள யார் பாத்துப்பாங்கன்னு அங்கேயே இருக்காங்க."

பெவ் தம் முன்னிருந்த தீர்மானத் தாளை டேல் பக்கம் தள்ளினார்.

"பூனையையும் சேத்து எழுதுங்க," என்றார் பெவ்.

தங்குமிடம் மூடப்படாது, நாய்க்கும் பூனைக்கும் இடமுண்டு என்று தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் மதியம் தங்குமிட வாசலுக்கு ராய் வந்தார், கோட்டுக்குள்ளிருந்து இரண்டு காதுகள் எட்டிப்பார்க்க. பதிவேட்டை நீட்டினார்கள்.

"யாரு கையெழுத்து போடணும்," என்று விசாரித்தார், "நானா, இவளா?"